தலசயனப் பெருமாள் வாசலில் மாநாட்டு விருந்தினர்

மாமல்லபுரத்தில் மாலை நாலரை மணி. அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் குளிரூட்டப்பட்ட பேருந்து ஒன்று வந்து நிற்கிறது. கழுத்தில் பெயரட்டை தொங்க, தலையில் தொப்பியும் கையில் தண்ணீர்ப் புட்டியுமாக நாற்பது பேர் இறங்குகிறார்கள். சென்னையில் நடைபெறும் மருத்துவ மாநாட்டுக்கோ, பொறியியல் கருத்தரங்குக்கோ வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள். பாறையில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளையும் வழிகாட்டி சுட்டிக்காட்டுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். கால் மணி நேரம் கழிந்ததும் பேருந்து புறப்படுகிறது.

அந்தப் பாறையிலிருந்து சில அடிகள் நடந்தால் ஸ்தலசயனப் பெருமாள் திருக்கோயிலின் மதில். உள்ளே மாலை நேர வழிபாட்டுக்கு ஆயத்தங்கள் நடந்துகொண்டிருக்கும். துளசியின் மணம் மதிலைக் கடந்து வரும். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்றான கடல்மல்லை இதுதான். முதலாழ்வார் மூவருள் இரண்டாமவரான பூதத்தாழ்வார் அவதரித்த தலமும் இதுவே. திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த பெருமாள் இன்றும் இங்கே பூசை கொண்டருள்கிறார். ஆனால் அந்த நாற்பது பேரில் எவருக்கும் அது தெரியாது. எவரும் சொல்லவும் இல்லை.

கல்லைக் கண்டார்கள், கடவுளைத் தொழும் ஊரைக் காணாமலேயே திரும்பினார்கள். மாநாட்டு விருந்தினர்களுக்கான சுற்றுலாக்கள் பலவற்றில் நேர்வது இதுதான்.

அரை நாளின் கணக்கு

மாநாடுகளில் இப்படியொரு வழக்கம் உண்டு. இரண்டு அல்லது மூன்று நாள்கள் அரங்கில் உரைகளும் விவாதங்களும் நடைபெறும். நடுவே ஓர் அரை நாள் ஊர் சுற்றிப் பார்க்கவும், ஒரு மாலை கலை நிகழ்ச்சிக்கும் விருந்துக்கும் ஒதுக்கப்படும். சென்னையில் மாநாடு என்றால் அந்த அரை நாள் பெரும்பாலும் மாமல்லபுரத்துக்குத்தான். நகரிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் இருப்பதும், கிழக்குக் கடற்கரைச் சாலையின் வசதியும், 1984ஆம் ஆண்டிலேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பெருமையும் அதற்குக் காரணங்கள்.

அந்த அரை நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். பிற்பகல் ஒன்றரை மணிக்குப் புறப்பட்டு இரவு ஏழு மணிக்குத் திரும்புவதாகக் கொண்டால், கையில் இருப்பவை 330 நிமிடங்கள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் என 180 நிமிடங்கள் சாலையில் கழியும். தேநீருக்கும் கை கால் கழுவவும் 20, சிற்பக் கடைகளுக்கு 20. மீதி 110. கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ண மண்டபம், வெண்ணெய் உருண்டைப் பாறை என்று ஐந்து இடங்களுக்கு அதைப் பங்கிட்டால் ஓரிடத்துக்கு 22 நிமிடம். இறங்கி, ஏறி, தலை எண்ணிச் சரிபார்க்க ஏழு நிமிடம் போனால், மிச்சம் கால் மணி நேரம்.

ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவச் சிற்பிகள் உளி கொண்டு செய்த தவத்துக்குக் கால் மணி நேரம்! ஒரே பாறையைக் குடைந்து தேர்களாக்கியவர்களின் உழைப்பைக் காண்பதற்கும் அதே கால் மணி நேரம். இந்தக் கணக்கில் உயிருள்ள திருக்கோயிலுக்கு இடம் எங்கே வரும்? பட்டியல் நீண்டால் விருந்தினருக்குப் பெருமை என்று ஏற்பாட்டாளர்கள் நினைக்கிறார்கள். ஐந்தை மூன்றாகக் குறைத்தால் ஓரிடத்துக்கு முப்பது நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். அந்த மூன்றில் ஒன்று இன்றும் விளக்கெரியும் திருக்கோயிலாக இருந்தால், விருந்தினர் இந்த மண்ணின் உயிரைக் கண்டவராகத் திரும்புவார்.

விருந்தினர் வந்த வழி

தொண்டை மண்டலத்துக்கு அயல்நாட்டு அறிஞர் வருவது புதிதன்று. ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் பல்லவர் தலைநகரமான காஞ்சிக்கு வந்தார். பௌத்த நூல்களைத் தேடி வந்தவர் அவர். அந்த நகரத்தையும் அதன் மக்கள் கல்வியைப் போற்றும் பண்பையும் பாராட்டி எழுதி வைத்துச் சென்றார். வந்தவர் கண்டதையும் கேட்டதையும் தம் நாட்டுக்கு எடுத்துச் செல்வார் என்பதற்கு அதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

அண்மைக் காலத்தில், 2019 அக்டோபர் 11ஆம் நாள், சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது உலகமே அவ்வூரைப் பார்த்தது. வேட்டியும் மேல்துண்டும் அணிந்திருந்த இந்தியப் பிரதமர் தாமே உடன் நடந்து அர்ச்சுனன் தபசையும் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் விளக்கிக் காட்டினார். 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய கலாக்ஷேத்ராவின் கலைஞர்கள் அன்று மாலை நிகழ்ச்சி நடத்தினர். 2022இல் செஸ் ஒலிம்பியாடுக்காக 180க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் அதே ஊருக்கு வந்தார்கள். 2023இல் ஜி20 கூட்டங்களுக்காகச் சென்னைக்கு வந்த பிரதிநிதிகளும் அங்கே அழைத்துச் செல்லப்பட்டார்கள்.

அதிபரானாலும் ஆராய்ச்சி மாணவரானாலும் விருந்தினருக்கு நினைவில் நிற்பது ஒன்றே: யார் உடன் நடந்து காட்டினார், எவ்வளவு அன்போடு சொன்னார் என்பது. மனப்பாடம் செய்த ஆண்டுகளும் அளவுகளும் விமானம் ஏறுவதற்குள் மறந்துபோகும்.

வழிபாடு நின்ற கோயிலும் வழிபாடு நிகழும் கோயிலும்

கடற்கரைக் கோயிலைக் கட்டியவன் இராசசிம்மன் என்று பெயர் பெற்ற இரண்டாம் நரசிம்மவர்மன். இரண்டு சிவன் சந்நிதிகளும், அவற்றுக்கு நடுவே பள்ளிகொண்ட திருமாலின் திருவுருவமும் அங்கே உள்ளன. சைவமும் வைணவமும் ஒரே மதிலுக்குள் கூடியிருக்கும் அழகை விருந்தினர்களுக்குச் சொன்னால் வியப்பார்கள். ஆனால் இன்று அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம். அங்கே நித்திய பூசை இல்லை. அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே செல்லும் இடம் அது.

அதைப் பார்த்துவிட்டு வரும் அயல்நாட்டவருக்கு இயல்பாக எழும் கேள்வி ஒன்று உண்டு. "இங்கே இப்போதும் யாராவது வழிபடுகிறார்களா?" என்பதே அது. அந்தக் கேள்விக்கு விடை, அர்ச்சுனன் தபசுக்கு அருகிலேயே இருக்கிறது. விடையைக் காட்டாமல் விட்டுவிட்டால், எகிப்தின் பிரமிடுகளைப் போல, உரோமாபுரியின் இடிபாடுகளைப் போல, இதுவும் மறைந்துபோன ஒரு சமயத்தின் மிச்சம் என்றே அவர் எண்ணிச் செல்வார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறுந்துபோகாமல் வரும் ஒரு வழிபாட்டுக்கு அதைவிடப் பெரிய அநீதி வேறென்ன இருக்க முடியும்?

முதியவராய் வந்த பெருமாள்

ஸ்தலசயனப் பெருமாள் என்ற திருநாமத்திலேயே இத்தலத்தின் கதை அடங்கியிருக்கிறது. திருப்பாற்கடலில் ஆதிசேடன் மீது பள்ளிகொண்டவன் இங்கே வெறுந்தரையில் சயனித்திருக்கிறான். தாயார் நிலமங்கை. உற்சவருக்கு உலகுய்ய நின்றான் என்று பெயர்.

புண்டரீக முனிவர் தாமரை மலர்களைப் பறித்துக்கொண்டு, அவற்றைப் பாற்கடலில் இருக்கும் பெருமாளின் திருவடியிலேயே சேர்க்க வேண்டும் என்று புறப்பட்டார். வழியில் கடல் குறுக்கிட்டது. முனிவர் சளைக்கவில்லை. கடல்நீரைக் கைகளால் இறைத்து வழி உண்டாக்கத் தொடங்கினார். இரவு பகலாக இறைத்தும் கடல் வற்றவில்லை. அவருடைய அன்பும் வற்றவில்லை.

அப்போது முதியவர் ஒருவர் அங்கு வந்தார். "பசிக்கிறது, உண்ண ஏதேனும் கிடைக்குமா?" என்று கேட்டார். தாம் எடுத்துக்கொண்ட பெருஞ்செயல் பாதியில் நிற்கிறதே என்று முனிவர் தயங்கியபோது, "நீர் போய் உணவு கொண்டு வாரும், அதுவரை உமக்காக நான் இறைக்கிறேன்" என்றார் முதியவர். முனிவரும் மலர்களை அவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குள் ஓடினார். உணவோடு திரும்பி வந்து பார்த்தால் முதியவரைக் காணவில்லை. கடலும் உள்வாங்கியிருந்தது. தாம் கொண்டு வந்த தாமரைகளைச் சூடிக்கொண்டு, வெறும் மண் தரையில், பாம்பணையும் இல்லாமல், பெருமாள் பள்ளிகொண்டிருந்தார். பாற்கடலுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. பசித்து வந்த விருந்தினரை உபசரித்த இடத்துக்கே பாற்கடல்வாசன் வந்துவிட்டான்.

இன்றும் கருவறையில் பெருமாளின் திருவடி அருகே புண்டரீகர் கூப்பிய கையோடு அமர்ந்திருக்கிறார்.

எண்ணிப் பார்த்தால் இது விருந்தோம்பலின் கதை. முன்பின் அறியாத ஒருவர் வாசலுக்கு வருகிறார். கையில் இருக்கும் வேலையை ஒதுக்கிவிட்டு அவரைக் கவனித்தவருக்குத் தெய்வ தரிசனம் கிடைக்கிறது. விருந்தினரைத் தெய்வமாகப் போற்று என்று தைத்திரீய உபநிடதம் உபதேசிப்பதும் இதையே. அந்தக் கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஊரிலேயே உலகெங்கிலும் இருந்து விருந்தினர் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அதற்குச் சமயம் தடையில்லை. மொழியும் பெரிய தடையில்லை. பசித்த முதியவரும், சோறு கொண்டுவர ஓடிய முனிவரும் எந்த நாட்டவருக்கும் விளங்குவார்கள்.

கொடிமரத்துக்கு முன்னும் பின்னும்

இங்கே ஒரு சங்கடம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. தமிழகத்தின் பல திருக்கோயில்களில் இந்துக்கள் அல்லாதோர் கொடிமரத்தைத் தாண்டி உட்செல்லக்கூடாது என்பது வழக்கம். விருந்தினருக்கு அதை முன்கூட்டியே சொல்லாமல் அழைத்து வந்துவிடுகிறார்கள். அவர் கூட்டத்தோடு உள்ளே நடந்து, பலகையைப் பார்த்து, அல்லது பணியாளரின் கையசைப்பைப் பார்த்து நிற்க நேரும்போது முகம் வாடிப்போகிறது. வள்ளுவர் விருந்தினரின் மனத்தை அனிச்சப் பூவினும் மென்மையானதாகக் கண்டவர். வழக்கத்தால் வாடுவதைவிட, வழக்கத்தைச் சொல்லாமல் விட்டதால்தான் அந்த மலர் அதிகம் வாடுகிறது.

பேருந்திலேயே இதைச் சொல்லிவிடலாம். "இது காட்சிக்கூடம் அன்று, வழிபாடு நடக்கும் இல்லம். ஒவ்வொரு வீட்டிலும் விருந்தினர் அமரும் கூடம் ஒன்று, வீட்டாருக்கு மட்டுமான பூசையறை ஒன்று இருப்பதுபோல இங்கும் உண்டு" என்று சொன்னால் புரிந்துகொள்ளாதவர் இல்லை. மேலும், கொடிமரத்துக்கு இப்பாலேயே காண்பதற்கு எவ்வளவு இருக்கிறது! கோபுரம், கொடிமரம், பலிபீடம், தூண்களின் சிற்பம், வாசலில் இட்ட கோலம், பூக்கடையில் மாலை கட்டும் விரல்களின் வேகம், குழந்தைக்குக் கைகூப்பக் கற்றுத்தரும் பாட்டி. அவற்றை நின்று நிதானமாகக் கண்டவர், உள்ளே போகவில்லை என்ற குறையோடு திரும்ப மாட்டார்.

கவனிக்க வேண்டிய சிறு செய்திகள் வேறு சிலவும் உண்டு. பெரும்பாலான திருக்கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும். இது தெரியாமல் மதியம் இரண்டு மணிக்குப் பேருந்தைக் கொண்டு வந்து நிறுத்தி, பூட்டிய கதவைக் காட்டித் திரும்புவோர் பலர். காலணி கழற்ற வேண்டும் என்பதை முன்பே சொன்னால், வெயிலில் சுடும் கல்லுக்கு ஏற்பக் காலுறை அணிந்து வருவார்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும் என்பதை முந்தின நாளே சொல்ல வேண்டும். வாசலில் சொன்னால் அவமானம். தமிழகத் திருக்கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருப்பதையும் சொல்லிவிட்டால், படம் எடுக்கும் ஆவலைக் கோயிலுக்கு வெளியிலேயே தீர்த்துக்கொள்வார்கள். கைப்பேசி இல்லாத அரை மணி நேரத்தில்தான் கண்கள் உண்மையில் பார்க்கத் தொடங்கும் என்பது அவர்களுக்கும் ஓர் அனுபவம்.

வழிபடுவோரின் நிம்மதியும் இதில் கருதத்தக்கது. நாற்பது பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால் பிராகாரம் சந்தையாகும். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து அழைத்து வந்தால், கண்மூடி நிற்கும் அன்பருக்கும் இடையூறில்லை. பார்க்க வந்தவருக்கும் அமைதி கிட்டும். விருந்தினருக்காக வழிபாடு காட்சிப்பொருளாகிவிடக்கூடாது. அன்றாடம் நிகழ்வதை அன்றாடம் நிகழ்வதாகவே அவர் காண வேண்டும்.

மாலை நிகழ்ச்சியும் இலை விருந்தும்

மாநாட்டின் இரவு விருந்தில் பரதநாட்டியம் இடம்பெறாமல் இருப்பது அரிது. ஆனால் பல இடங்களில் அது நடைபெறும் விதம்தான் வருத்தம் தருகிறது. மேடையில் ஓர் இளம்பெண், கண்ணனைத் தேடும் நாயகியாக உருகி ஆடிக்கொண்டிருக்கிறாள். கீழே கரண்டிகளின் ஓசை, தட்டுகளின் ஓசை, சிரிப்பொலி. ஆடுபவளுக்கும் மதிப்பில்லை, பார்ப்பவருக்கும் பொருள் விளங்குவதில்லை. நிகழ்ச்சியை முதலில் வைத்து, உணவைப் பிறகு வைத்தால் இந்தக் குறை தீர்ந்துவிடும். ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் இரண்டு நிமிடம், கதை என்ன, கை முத்திரை எதைக் குறிக்கிறது என்று சொன்னால் போதும். நாகசுவரத்துக்கும் இது பொருந்தும். மங்கல இசையை வாசலில் நிற்பவர்களின் பேச்சுக்குப் பின்னணி ஆக்காமல், கலைஞர்களுக்கு ஓர் ஆசனமும் அவையோரின் பத்து நிமிட அமைதியும் கொடுக்கலாம்.

வரவேற்பில் ஆரத்தி எடுப்பதும் குங்குமம் இடுவதும் அன்பின் அடையாளங்கள். ஆயினும் வேற்றுச் சமயத்தார் சிலருக்கு நெற்றியில் திலகம் இட்டுக்கொள்வதில் தயக்கம் இருக்கலாம். கிண்ணத்தை நீட்டி, கண்ணால் அனுமதி கேட்டு, விரும்பினால் இடுவதே நாகரிகம். ஒரு பூவைக் கையில் கொடுத்தால் மறுப்பவர் எவருமில்லை.

வாழையிலை விருந்தும் அப்படியே. நுனி இலையின் குறுகிய பக்கம் உண்பவருக்கு இடப்புறம் வரும்படி இடுவது, உப்பும் இனிப்பும் முதலில் பரிமாறுவது, குழம்பு, ரசம், மோர் என்று வரிசை தவறாமல் வருவது, உண்டபின் இலையைத் தம் பக்கமாக மடிப்பது ஆகியவற்றை ஒரு முறை சொல்லித் தந்தால் குழந்தைகளின் மகிழ்ச்சியோடு கற்றுக்கொள்வார்கள். காரம் குறைந்த ஓர் கூட்டும், கேட்பவருக்கு ஒரு கரண்டியும் அருகில் இருந்தால் நலம். முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா போன்ற இடங்களில், தென்னாட்டின் பழைய வீடுகளுக்கு நடுவே இத்தகைய மாலை ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். மாமல்லபுரம் செல்லும் வழியிலேயே அது இருக்கிறது.

பெரியோர் செய்யக்கூடிய தொண்டு

இவை யாவும் மாநாட்டு ஏற்பாட்டாளர்களின் பொறுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். இவ்வேற்பாடுகளைச் செய்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்கள் பேருந்தையும் அறையையும் அட்டவணையையும் திறமையாகக் கவனிப்பார்கள். ஆனால் பெருமாள் ஏன் தரையில் படுத்திருக்கிறார் என்று விருந்தினர் கேட்டால் பலருக்கு விடை தெரியாது. தெரிந்தவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்: தாத்தாக்கள், பாட்டிகள். மகனோ மருமகளோ பேரனோ தம் கல்லூரியில், மருத்துவமனையில், அலுவலகத்தில் ஒரு மாநாட்டுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னால், அவர்களை உட்கார வைத்து ஒரு தலபுராணத்தைச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்கலாம். கேட்கும் இளைஞருக்கே அது முதல் முறையாகத் தெரியவருவதாகவும் இருக்கலாம். விருந்தினரின் பொருட்டு வீட்டுப் பிள்ளைகள் தம் ஊர்க் கோயிலை அறிந்துகொள்வது சிறிய பேறன்று.

அடுத்த முறை மாலை வழிபாட்டுக்குச் செல்லும்போது, கொடிமரத்துக்கு அருகில் பெயரட்டை அணிந்த சிலர் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தயங்கி நிற்பதைக் காண நேரலாம். விலகிப் போகாமல் ஒரு புன்முறுவல் செய்யலாம். "வாருங்கள்" என்று கைகாட்டி, நிழலில் நிற்கச் சொல்லலாம். தெரிந்த மொழியில், தெரிந்த அளவில், தலத்தின் கதையைச் சொல்லலாம். கையில் இருக்கும் பூவில் ஒன்றைக் கொடுக்கலாம். அர்ச்சனைக்கு ஐந்து நிமிடம் தாமதமானால் ஆண்டவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

புண்டரீக முனிவரும் அன்று தம் பூசையைப் பாதியில் நிறுத்திவிட்டுத்தான் விருந்தினருக்கு உணவு கொண்டுவர ஓடினார். கடல்மல்லைப் பெருமாள் அதற்காகவே தரையில் வந்து பள்ளிகொண்டான்.